கித்தாருக்குக் கரை கட்டியவர்கள்

கித்தார் என்னும் வாத்தியத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் அதன் நரம்புகளையும் நாதத்தையும், அதை வாசித்துப் பிரசித்தி பெற்ற வித்வான்களையும் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார்கள். மேல்பலகையும் பக்கப்பலகையும் சந்திக்கின்ற கூரிய ஓரத்திலே, சுண்டுவிரல் அகலங்கூட இல்லாத ஒரு மரப்பட்டையை வளைத்துப் பதிக்கிற வேலையைப் பற்றி மட்டும் இரண்டொரு வாக்கியங்களுக்குமேல் சொல்வதில்லை. வேட்டியின் கரையைப் போல அது வெறும் அலங்காரந்தானே என்று ஒதுக்கிவிடுகிறார்கள் போலும். அந்த வாத்தியத்தின் ஆயுளிலே பெரும்பகுதி இந்தப் பட்டையைத்தான் நம்பியிருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

காரணம் எளிது. கித்தாரின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் போன்ற மென்மையான மரத்தில், மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் இழைக்கப்படுவது. அதை வளைவாக அறுக்கும்போது, தலைப்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் மரத்தின் நுண்குழாய்கள் குறுக்கே வெட்டுண்டு வாய்திறந்து நிற்கின்றன. காற்றிலுள்ள ஈரம் அவ்வழியே எளிதாக உட்புகும். சிறிய மோதலுக்கும் அந்த ஓரம் நசுங்கும். கடினமான மரத்தால் ஒரு பட்டை வைத்து மூடினால் ஈரமும் அடியும் ஒருங்கே தடுக்கப்படுகின்றன. பைண்டிங் என்று தொழிலாளர் வழங்கும் இந்த வேலை, வாத்தியக்காரரின் கலையாக இருப்பதைவிட மேஜையும் பேழையும் செய்கின்ற தச்சரின் கலைக்கே நெருங்கியது.

இந்த நெருக்கம் ஒரு காலத்தில் பெரிய விவகாரத்துக்கும் இடமாயிற்று. ஜெர்மனியின் சாக்ஸனி நாட்டிலுள்ள மார்க்நாய்கிர்ஹென் என்ற ஊரில் வயலின் செய்வோர் 1677-ஆம் ஆண்டிலேயே தங்களுக்கென ஒரு சங்கத்தை ஸ்தாபித்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தாருக்கு மோகம் பெருகவே, அவ்வூர்த் தச்சர்களும் அதைச் செய்து விற்கலானார்கள். 1826-இல் வயலின்காரர்கள் இதை எதிர்த்து முறையிட்டார்கள். வாத்தியம் செய்யும் உரிமை தங்களுடையதே என்றும், வீட்டுச் சாமான் செய்கிறவர்களுக்கு இதில் பாத்தியதை இல்லை என்றும் அவர்கள் வாதித்தார்கள். கித்தார் வேலையை அவ்வூரிலே செம்மைப்படுத்தியவரே யோஹான் கியோர்க் மார்ட்டின் என்ற தச்சர்தாம் என்பது தச்சர்களின் பதில். 1832-இல் தச்சர்கள் பக்கமே தீர்ப்பாயிற்று. ஆயினும், வியன்னாவில் ஸ்டாவ்ஃபர் என்ற புகழ்பெற்ற கைவினைஞரிடம் வேலை செய்து திரும்பியிருந்த யோஹானின் மகன் கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் மார்ட்டின், அந்தச் சச்சரவுகளால் சலித்தவராய், 1833-இல் ஜன்மபூமியைத் துறந்து நியூயார்க் சேர்ந்தார். சில ஆண்டுகளில் பென்ஸில்வேனியாவின் நாசரேத் என்ற சிற்றூரில் குடியேறித் தொழிலை நிலைநாட்டினார். அமெரிக்கக் கித்தாரின் பரம்பரை அந்தத் தச்சர் குடும்பத்திலிருந்தே தொடங்குகிறது. அதன் ஓரங்களில் காணப்படும் நுட்பம் தச்சுப் பட்டறையின் சீதனமே.

அந்தக் கைவேலையின் சிரமத்தை அறியாதவர்களுக்கு அதன் பெருமையும் தெரியாது. உடல் முழுவதும் ஒட்டி முடிந்த பிறகு, விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கத்திக் கருவியால், பட்டையின் அளவுக்குச் சரியாக ஒரு படி வெட்டவேண்டும். பல நாள் உழைப்பில் உருவான பெட்டியின்மேல் ஒரு முறை கத்தி பிசகினால் அதை மறைக்க வழியில்லை. பிறகு, சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயின்மேல் வைத்து, இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள் வெப்பத்தால் இளகுகிற அந்தச் சிறிது நேரத்துக்குள் வளைத்தெடுக்கவேண்டும். இடுப்புப் பகுதியின் உள்வளைவில் அவசரப்பட்டால் பட்டை ஒடிந்துவிடும், தயங்கினால் கருகிவிடும். வஜ்ஜிரம் தடவிப் பொருத்திய பின், அது இறுகும்வரை உடலெங்கும் கயிற்றால் இறுக்கிச் சுற்றிவைப்பது பழைய ஸம்பிரதாயம். இறுதியில் அதிகப்படியான மரத்தைச் சுரண்டிச் சமன் செய்து, அடிப்பக்கத்தில் இரண்டு முனைகளும் கூடுமிடத்தில் இடைவெளி தெரியாமல் இணைக்கிற சாமர்த்தியத்தில்தான் தேர்ந்த கையின் அடையாளம் இருக்கிறது.

மார்ட்டின் பட்டறையில் விலை குறைந்த கித்தார்களுக்கு ரோஸ்வுட் பட்டையும், உயர்ந்தவற்றுக்கு யானைத் தந்தப் பட்டையும் இடப்பட்டன. பில்லியர்ட்ஸ் பந்துகளுக்குத் தந்தத்துக்குப் பதிலாக ஒரு பொருளைத் தேடிய ஹயாட் என்ற அமெரிக்கர், 1870-ஐ ஒட்டி செல்லுலாய்டை வியாபாரப் பொருளாக்கியதன் விளைவு, காலப்போக்கில் கித்தாரின் ஓரத்தையும் எட்டிற்று. 1918 வாக்கில் தந்தத்தின் இடத்தைத் தந்த நிறமுடைய செல்லுலாய்டு பிடித்துக்கொண்டது. அது மலிவானது, மரத்தைவிடச் சுலபமாக வளைவது. ஆனால் வருஷங்கள் செல்லச்செல்ல அது சுருங்கும் இயல்புடையது. சுருங்கும் பட்டை குறுக்குவழியை நாடுமாதலால், இடுப்பின் உள்வளைவில் உடலைவிட்டு விலகி நிற்பதைப் பழைய கித்தார்கள் பலவற்றில் காணலாம். மரப்பட்டைக்கு அந்தக் குற்றம் இல்லை. தன் நீளவாக்கில் மரம் மிகச் சிறிதே சுருங்குவது. ஸ்பெயினில் டோரஸ் (1817–1892) என்ற கித்தார்க் கைவினைஞரின் வழிவந்தவர்களோ இந்தப் புதுமையில் பெரிதும் மயங்காமல், வெளிறிய ஸைப்ரஸ் உடலுக்குக் கரிய ரோஸ்வுட் விளிம்பு என்ற பழைய முறையைக் காத்துவந்தார்கள். அவர்களுடைய பொறுமையை நான் மிகவும் போற்றுகிறேன்.

ரோஸ்வுட் என்று இதுவரை நான் குறிப்பிட்டதில் பெரும்பகுதி பிரேஸில் நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. அந்நாடு வெட்டிய மரத்தை அறுக்காமல் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தவே, மார்ட்டின் நிறுவனத்தார் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். அதுதான் நம்முடைய ஈட்டி மரம்; மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் வளர்வது, நம் ஆசாரிகளின் கைக்கு நெடுங்காலமாகப் பழகியது. இன்று உலகெங்கும் தனிப்பட்ட முறையில் கித்தார் செய்வோர் மறுபடியும் மரப்பட்டைகளை விரும்பும்போது, மேப்பிள், கோவா ஆகிய மரங்களோடு இந்த ஈட்டியையும் தேர்கிறார்கள். 2017 ஜனவரியிலிருந்து அந்த மரத்தின் இனம் முழுவதும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இசைக்கலைஞர்களும் வாத்தியம் செய்வோரும் முறையிட்டதன்மேல், 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. கட்டுப்பாடு எப்படியிருப்பினும், கித்தாரின் ஓரத்துக்கென்று ஒரு மரத்தைத் தனியாக வெட்டவேண்டிய அவசியம் இல்லை. பக்கப்பலகை அறுத்தபின் மிஞ்சுகிற துண்டுகளே அதற்குப் போதும்.