விதிவிலக்காக இருக்க மறுத்த பேராசிரியர்: ஆர்னோல்ட் ஷொன்பேர்க்கின் கடிதங்கள்

1923ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஓர் இசையமைப்பாளர் தனது ஓவிய நண்பருக்கு நீண்ட கடிதமொன்றை எழுதினார். மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்கு இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன. ஆயினும் ஹிட்லரின் பெயர் அக்கடிதத்தில் இருந்தது. யூத வெறுப்பு வன்முறையில் அல்லாமல் வேறு எங்கே போய் முடியும் என்ற கேள்வியும் இருந்தது.

எழுதியவர் ஆர்னோல்ட் ஷொன்பேர்க். பெற்றவர் ரஷ்ய ஓவியர் வசிலி கண்டின்ஸ்கி.

ஷொன்பேர்க் 1874 செப்டெம்பர் 13ஆம் திகதி வியன்னாவில், சப்பாத்து வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளவயதிலேயே தந்தையை இழந்தவர், தனியார் வங்கியொன்றில் வேலை பார்த்தபடி பெரும்பாலும் தானாகவே இசை கற்றார். 1898இல் யூத மதத்திலிருந்து புரட்டஸ்தாந்து கிறிஸ்தவத்துக்கு மாறினார்.

மேற்கத்தைய இசையை மாற்றியமைத்தவர் என அவர் அறியப்படுவதற்குக் காரணம், 1920களின் தொடக்கத்தில் அவர் வகுத்த பன்னிரு சுர முறை. கர்நாடக இசை பயின்றவர்களுக்குப் பன்னிரண்டு சுரத்தானங்கள் தெரியும். ஆதார ஷட்ஜத்தைச் சுற்றியே மற்றைய சுரங்கள் இயங்கும் என்பதும் தெரியும். மேற்கத்தைய இசையிலும் அப்படியொரு மையச் சுரம் இருந்தது. ஷொன்பேர்க் அந்த மையத்தை எடுத்துவிட்டார். பன்னிரண்டு சுரங்களும் இசையமைப்பாளர் தீர்மானித்த ஒரு வரிசையில் வரும்; எதற்கும் தலைமையிடம் இல்லை.

ஒரு கச்சேரியில் தொடங்கிய நட்பு

1911 ஜனவரி 2ஆம் திகதி மியூனிக்கில் ஷொன்பேர்க்கின் இசைக் கச்சேரி நடந்தது. பார்வையாளர்களில் ஒருவராக கண்டின்ஸ்கி இருந்தார். அந்த அனுபவத்தை அவர் ஓவியமாகத் தீட்டினார். சில நாட்களில், முன்பின் அறிமுகமில்லாத ஷொன்பேர்க்குக்குக் கடிதமும் எழுதினார். தான் ஓவியத்தில் தேடுவதை அவர் இசையில் கண்டுவிட்டார் என்பது அதன் சாரம்.

ஷொன்பேர்க்கும் ஓவியம் வரைபவர். அவ்வாண்டு டிசெம்பரில் கண்டின்ஸ்கி குழுவினர் மியூனிக்கில் நடத்திய முதலாவது 'நீலக் குதிரைவீரன்' கண்காட்சியில் அவரது ஓவியங்களும் இடம்பெற்றன. 1914இல் போர் தொடங்கியதும் கண்டின்ஸ்கி ரஷ்யாவுக்குத் திரும்ப, கடிதங்கள் நின்றுபோயின.

1923: முறிவு

போருக்குப் பின்னர் கண்டின்ஸ்கி ஜேர்மனியின் வைமர் நகரிலிருந்த பௌஹவுஸ் கலைக்கல்லூரியில் ஆசிரியரானார். 1923 ஏப்ரலில், அந்நகரின் இசைக் கல்லூரிக்குத் தலைமையேற்க வரும் எண்ணம் உண்டா என்று ஷொன்பேர்க்கிடம் கடிதம் மூலம் கேட்டார்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1921 கோடையில், ஷொன்பேர்க் குடும்பத்துடன் சால்ஸ்பேர்க் அருகேயுள்ள மட்சே என்ற ஊரில் தங்கியிருந்தார். யூதர்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என உள்ளூரில் அறிவிக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெற்றதற்கான அத்தாட்சியைக் காட்டினால் அவர் அங்கேயே தங்கியிருக்கலாம். அவர் காட்டவில்லை, ஊரைவிட்டுப் புறப்பட்டார்.

வைமரில் யூத வெறுப்பு நிலவுகிறது, கண்டின்ஸ்கியும் அதற்கு விலக்கல்ல என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். எனவே அழைப்பை மறுத்தார். கடந்த ஓராண்டில் தனக்குப் புகட்டப்பட்ட பாடத்தைத் தான் இனி மறக்கப்போவதில்லை என்றார்: தான் ஜேர்மனியனும் அல்ல, ஐரோப்பியனும் அல்ல, யூதன் மட்டுமே என்பதுதான் அந்தப் பாடம்.

கலைஞராகவும் மனிதராகவும் அவர்மீது தான் கொண்ட அன்பு மாறவில்லை என கண்டின்ஸ்கி பதில் எழுதினார். அதற்கு மறுமொழியாகவே மே 4ஆம் திகதிக் கடிதம் எழுதப்பட்டது. வீதியில் நடக்கும்போது நான் யூதனா, கிறிஸ்தவனா என்று ஒவ்வொருவரும் உற்றுப் பார்க்கிறார்கள். கண்டின்ஸ்கி விதிவிலக்களித்த யூதன் நான்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போகமுடியுமா என ஷொன்பேர்க் அதில் கேட்டார்.

"நீங்கள் மற்றவர்களைப் போல இல்லை" என்ற பாராட்டைக் கேட்டுப் பழகிய எந்தச் சிறுபான்மையினருக்கும் இந்தக் கேள்வி புரியும்.

1927இல் ஒஸ்திரியாவின் ஏரிக்கரை ஊரொன்றில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். 1936இல் பாரிஸிலிருந்து கண்டின்ஸ்கி பழைய நாட்களை நினைவுகூர்ந்து கடிதமொன்று எழுதினார். ஆனால் முந்தைய நெருக்கம் திரும்பவில்லை.

பதவியும் ஓய்வூதியமும்

1925இல் பேர்லினிலுள்ள பிரஷ்யக் கலைக் கழகம் ஷொன்பேர்க்கைப் பேராசிரியராக நியமித்தது. 1933 மார்ச்சில், யூதச் செல்வாக்கு அங்கிருந்து அகற்றப்படவேண்டும் என்று அக்கழகத்தின் கூட்டத்திலேயே அறிவிக்கப்பட்டபோது அவர் எழுந்து வெளியேறினார். மே மாதம் பாரிஸ் சென்றவர், ஜூலையில் முறைப்படி யூத மதத்துக்குத் திரும்பினார். ஒக்டோபரில் அமெரிக்கா சென்றடைந்தார்.

1936 முதல் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகக் கற்பித்தார். 1944இல், 70 வயதில் கட்டாய ஓய்வு. எட்டு ஆண்டுகளே சேவை என்பதால் மாதம் 38 டொலர்தான் ஓய்வூதியம். வீட்டில் மூன்று சிறு பிள்ளைகள்.

1945 ஜனவரியில் குகன்ஹைம் அறக்கட்டளைக்கு அவர் விண்ணப்பக் கடிதம் எழுதினார். 'மோசேயும் ஆரோனும்' என்ற இசை நாடகத்தையும், 'யாக்கோபின் ஏணி' என்ற படைப்பையும், இசைப் பாடநூல்களையும் முடிக்க உதவி கேட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இசை நாடகத்தின் மூன்றாம் அங்கத்துக்கு வசனம் மட்டுமே இருக்கிறது, இசை அமைக்கப்படவில்லை. ஏணியும் முடிவுறவில்லை. 1951 ஜூலை 13ஆம் திகதி அவர் லொஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.

அவர் கற்பித்த பல்கலைக்கழகத்தின் இசை மண்டபம் பின்னர் அவரது பெயரைப் பெற்றது. 1998 முதல் வியன்னாவில் அவர் பெயரிலான ஆய்வு மையம் அவரது ஆவணங்களைப் பாதுகாத்து வருகிறது. கண்டின்ஸ்கியுடனான கடிதங்கள் தனி நூலாகவும் வெளிவந்துள்ளன. அவரது இசை கடினமானது என்று ஒதுங்குபவர்கள் அந்த நூலிலிருந்து தொடங்கலாம். 1923ஆம் ஆண்டின் கடிதங்களைப் படிக்க இசை தெரிந்திருக்கவேண்டிய தேவையில்லை.