வெள்ளம்

மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். தாகத்துக்குக் கேட்டு வாங்கிக் குடிக்கலாம். தமிழில் அது பெருக்கு, மிகுதி. தொல்காப்பியம் சொல்லும் 'அம்' ஈற்று எண்ணுப்பெயர் வெள்ளம் என்ற பேரெண்தான் என்பார்கள் உரையாசிரியர்கள்.

இத்தனை விரிந்த சொல்லைக் காப்பீட்டு வழக்கொன்று சுருக்கப் பார்த்தது. ஜே.கே. சிமென்ட் ஆலையின் நிலக்கரியைக் கனமழை அடித்துப்போக, இழப்பீடு தர மறுத்தது ஓரியண்டல் இன்சூரன்ஸ். நீர்நிலை கரை மீறினால்தான் வெள்ளமாம். 2020இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வழக்கமாக உலர்ந்து கிடக்கும் நிலத்தை மழைநீர் திரண்டு மூடினாலும் வெள்ளம்தான் என்றது. சரியான தீர்ப்பு.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாறும் பெருகியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் நின்ற நீரில் ஆற்றுப் பங்கு எது, வானத்துப் பங்கு எது என்று எந்த சர்வேயர் பிரிப்பார்?

அந்த வழக்கின் பாலிசியில் வெள்ளத்தோடு 'நீர் சூழ்தல்' என்ற பொருள்படும் சொல்லும் இருந்தது. உங்கள் வீட்டுப் பாலிசியில் இரண்டும் இருக்கின்றனவா என்று ஐப்பசி பிறக்குமுன் பார்த்துவிடுங்கள்.