திகியில் இறங்கிய வானத்துப் போன்

போன ஞாயிறு பரண் மேல் கிடந்த பழைய ஆங்கில வார இதழ்களை ரத்திக்காரருக்குப் போட்டுவிடலாம் என்று இறக்கினேன். இறக்கியவன் அங்கேயே படிக்க உட்கார்ந்துவிட்டேன் (வீட்டம்மா முறைத்தது தனிக்கதை). 1998 இதழ் ஒன்றில் இரிடியம் பற்றி ஆஹா ஓஹோ என்று ஒரு கட்டுரை. உலகத்தின் எந்த மூலையில் நின்றாலும் பேசலாமாம்!

அப்போது நான் போசரிக்கு வந்த புதிது. எம்.ஐ.டி.சி.யில் ஷிப்ட் முடிந்ததும் நம்மாட்கள் எல்லாம் எஸ்.டி.டி. பூத் வாசலில் நிற்போம். ராத்திரி 11 மணிக்கு மேல்தானே கால் சார்ஜ்? ஊரில் அப்பா பக்கத்து வீட்டுத் திண்ணையில் தூங்காமல் காத்திருப்பார். இங்கே சிவப்பு எண்களில் மீட்டர் ஓடும். "சாப்டியா?" "சாப்டேன்." அதற்கு மேல் பேச மனசு இருக்கும், காசு இருக்காது.

இதில் வேடிக்கை, இரிடியத்தின் இந்தியத் தரைநிலையம் இருந்தது நமக்குப் பக்கத்துத் திகியில்தான். கைப்பேசியிலிருந்து 780 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளுக்குப் போகிற பேச்சு, கோளுக்குக் கோள் தாவி, இப்படியொரு நிலையத்தில் இறங்கி, சாதாரண போன் லைனுக்குள் நுழையும். முதலில் திட்டமிட்டது 77 கோள்கள். இரிடியம் தனிமத்தின் அணு எண் 77 என்பதால் அந்தப் பெயர். பிறகு 66 போதும் என்று குறைத்தார்கள். 66 என்றால் டிஸ்ப்ரோசியம். கிரேக்க மொழியில் 'எட்டாதது' என்று பொருள் வரும். அதையே வைத்திருக்கலாம் :-)

1998 நவம்பர் 1-ல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி அல் கோர் முதல் அழைப்பைப் பேசினார். 1999 ஆகஸ்டில் கம்பெனி திவால். சுமார் 500 கோடி டாலர் போட்ட சொத்து, 2000 கடைசியில் இரண்டரைக் கோடி டாலருக்குக் கைமாறியது. செங்கல் மாதிரி போன், விலை 3000 டாலர் பக்கம். அதுவும் கூரைக்குள் நின்றால் சிக்னல் கிடைக்காது. 1980-களின் கடைசியில் யோசித்த திட்டம் வானத்துக்கு ஏறுவதற்குள், கீழே செல்போன் டவர்கள் ஊர் ஊராக முளைத்துவிட்டன.

நம்மூர் நிதி நிறுவனங்களின் பணமும் இதில் போயிற்று. மோட்டரோலா சொன்னதை நம்பி ஏமாந்தோம் என்று இரிடியம் இந்தியா நிறுவனம் 2001-ல் புனேயில் குற்றப்புகார் கொடுத்தது. அதை மும்பை உயர்நீதிமன்றம் ரத்து செய்ய, 2010-ல் உச்சநீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. ஒரு கம்பெனிக்கு ஏது மனசு, அது எப்படி ஏமாற்ற நினைக்கும் என்ற வாதம் எடுபடவில்லை. ஏமாற்றும் எண்ணத்தைக் கம்பெனி மீதும் சுமத்தலாம் என்று தீர்ப்பானது. மோட்டரோலா ஏமாற்றியது என்று அதில் முடிவாகவில்லை. வழக்கு நடக்கலாம் என்றுதான் சொன்னார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் படிக்கும் வழக்கு அது.

எங்கள் வீட்டுக்குச் செல்போன் வந்தது 2003-ல். இன்கமிங் இலவசமான வருஷம். பூத்தும் இல்லை, திண்ணையும் இல்லை. "அப்பா, நீங்க பேசினா எனக்குக் காசு கிடையாதுப்பா, நானே கூப்பிட்டாலும் இப்ப கொஞ்சம்தான் ஆகும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "மீட்டர் ஓடுதுடா" என்று கடைசிவரை இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவார்.

மற்ற இதழ்கள் எல்லாம் ரத்திக்குப் போய்விட்டன. அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பரணில் போட்டேன்.