ரேஸ் பெல்ட்டும் சாலை பெல்ட்டும்

ரேஸ் காரில் கட்டும் ஆறுமுனை பெல்ட் உறுதியானதுதானே, அதை நம் காரில் மாட்டினால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பதில் வரலாற்றில் இருக்கிறது.

1950-களில் பந்தய வீரர்கள் பலர் பெல்ட்டே கட்டவில்லை. தீப்பிடித்தால் உள்ளே சிக்குவதைவிட வெளியே தூக்கியெறியப்படுவதே மேல் என்று நம்பினார்கள். பார்முலா ஒன்னில் ஆறுமுனை பெல்ட் 1972-இல்தான் கட்டாயமாயிற்று.

சாலை பெல்ட் வந்த வழி வேறு. விமான இருக்கைகளை வடிவமைத்த நில்ஸ் போலின், 1959-இல் வோல்வோ காருக்காக மும்முனை பெல்ட்டை அமைத்தார். ஒரே கையால் மாட்டலாம், கழற்றலாம்.

பிரான்சில் 1972-இல் மட்டும் சாலை விபத்துகளில் 16,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுஆண்டு ஜூலை 1 முதல், ஊருக்கு வெளியே முன்னிருக்கையில் ‘சேந்த்யூர்’, அதாவது பெல்ட், கட்டாயம் என்றது அரசு. 1979-இல் ஊருக்குள்ளும், 1990-இல் பின்னிருக்கைக்கும் அது நீண்டது.

ஏதோ ஒரு பெல்ட் போதும் என்று சட்டம் விடவில்லை. ஐ.நா.வின் 16-ஆம் விதிப்படி சோதித்து, வட்டத்துக்குள் ‘ஈ’ முத்திரையும் நாட்டு எண்ணும் இருக்க வேண்டும். பிரான்சின் எண் 2. பந்தய அமைப்பின் முத்திரை மட்டும் செல்லாது.

காரணம் எளிது. பந்தய வீரருக்கு ஹெல்மெட் உண்டு, உடலைக் கவ்விப் பிடிக்கும் இருக்கை உண்டு. நாமோ நாற்சந்தியில் குனிந்து, திரும்பிப் பார்த்து ஓட்ட வேண்டியவர்கள். ரேஸ் காரின் இரும்புக் கூண்டும் அப்படித்தான்: ஹெல்மெட் இல்லாத தலை அதில் மோதினால், காக்க வந்ததே கொன்றுவிடும்.

பேரப்பிள்ளைகள் ரேஸ் பெல்ட் வாங்கக் கிளம்பினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.