பியான்சேயின் முன்னோர்: இரண்டு மாநிலங்கள், இரண்டு வகை ஆவணங்கள்

பியான்சே நோல்ஸ் 1981 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரில் பிறந்த பாடகி. தந்தை மேத்யூ நோல்ஸ், அலபாமா மாநிலத்துக் காட்ஸ்டன் நகரில் 1952-இல் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர். தாய் டீனா நோல்ஸ், டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுக நகரில் 1954-இல் பிறந்தவர். டீனாவின் பெற்றோர் லூசியானாவிலிருந்து குடிபெயர்ந்த கிரியோல் மக்கள்.

ஒரே பெண்ணின் தாய்வழியையும் தந்தைவழியையும் ஆவணங்களில் தேடத் தொடங்கினால் இரண்டும் ஒரே தொலைவுக்கு நம்மை அழைத்துச் செல்வதில்லை. லூசியானாவின் ஒரு கிளை அட்லாண்டிக் கடலைத் தாண்டி, பிரான்சின் 18-ஆம் நூற்றாண்டுத் தீவு ஒன்றுக்கே போய்விடுகிறது. அலபாமாவின் கறுப்பினக் குடும்பங்களைத் தேடுவோர் பெரும்பாலும் 1870-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? யாருடைய பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைய அரசும் சட்டமும் முடிவு செய்தன. அந்த முடிவின் விளைவை இன்றும் ஒவ்வொரு குடும்பமும் சந்திக்கிறது.

கிரியோல் என்போர் யார்?

கிரியோல் என்ற சொல் போர்த்துக்கீசிய, ஸ்பானிய மொழிகளிலிருந்து வந்தது. குடியேற்ற நாட்டிலேயே பிறந்தவர் என்பது அதன் தொடக்கப் பொருள். வெள்ளையருக்குப் பிறந்த குழந்தை, அடிமைக்குப் பிறந்த குழந்தை ஆகிய இரண்டையும் இச்சொல் குறித்தது. 1803-இல் அமெரிக்கா லூசியானாவைப் பிரான்சிடமிருந்து வாங்கிய பிறகு, ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டண்டுகள் பெருமளவில் வந்து குடியேறினர். அப்போது, பிரெஞ்சு பேசும் பழைய கத்தோலிக்க மக்கள் தம்மை வேறுபடுத்திக் காட்ட இச்சொல்லைப் பயன்படுத்தினர். காலப்போக்கில் ஆப்பிரிக்க, பிரெஞ்சு, ஸ்பானிய, அமெரிக்கப் பழங்குடிக் கலப்புள்ள மக்களை இது சிறப்பாகக் குறிக்கலாயிற்று.

ஆகவே கிரியோல் என்பது குருதிக் கலப்பை மட்டும் குறிப்பதன்று. மொழி, சமயம், சமையல் எல்லாம் சேர்ந்த அடையாளம் அது. லூசியானா கிரியோல் ஒரு தனி மொழி. அதன் சொற்களில் பெரும்பாலானவை பிரெஞ்சிலிருந்து வந்தவை. அங்கே புகழ்பெற்ற கம்போ என்னும் குழம்பின் பெயர், வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.

அகேடியாவிலிருந்து வந்தவர்கள்

பியான்சேயின் தாய்வழி முன்னோர்களில் ஒருவராக அறியப்படுபவர் ஜோசப் ப்ரூசார்ட். 'போசொலேய்' என்பது இவருடைய பட்டப்பெயர். அகேடியா என்பது இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் உழுது வாழ்ந்த பகுதி. 1755 முதல் பிரிட்டிஷார் அம்மக்களை ஊர்களிலிருந்து வெளியேற்றிக் கப்பலேற்றினர். குடும்பங்கள் சிதறின. அதை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவர்களின் தலைவர் ப்ரூசார்ட். 1765 பிப்ரவரியில் சுமார் 200 அகேடியருடன் நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார்.

இன்னொரு முன்னோரான மரி பிரான்சுவாஸ் திராஹான் 1774-இல் பிரான்சின் பெல் ஈல் தீவில் பிறந்தவர். நாடு கடத்தப்பட்ட அகேடியக் குடும்பங்கள் 78 அத்தீவில் குடியமர்த்தப்பட்டிருந்தன. அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த திராஹான் குடும்பம் பின்னர் லூசியானா சென்றது. 1785-இல் மட்டும் 7 கப்பல்களில் ஏறத்தாழ 1,600 அகேடியர் பிரான்சிலிருந்து லூசியானாவுக்குச் சென்றனர்.

வீடிழந்து வந்த இம்மக்களில் பலர் ஒன்றிரண்டு தலைமுறைகளுக்குள் நிலமும் மாடுகளும் சேர்த்தனர், அடிமைகளையும் வாங்கினர். விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் பிறரை உடைமையாக்கினார்கள். பியான்சேயின் குடிவழியில் இவ்விரு தரப்பும் கலந்திருக்கின்றன.

லூசியானா ஏன் எழுதிவைத்தது?

பிரெஞ்சு அரசு 1724-இல் லூசியானாவுக்கென 'கருப்புச் சட்டம்' எனப்படும் அடிமைச் சட்டத்தைப் பிறப்பித்தது. கொடிய தண்டனைகள் நிறைந்த அச்சட்டம், அடிமைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆகவே அடிமைக் குழந்தையின் பெயர், தாயின் பெயர், ஞானப் பெற்றோர், எசமானர் பெயர் ஆகியவை கோவில் பதிவேடுகளில் ஏறின.

மற்றொரு காரணம் சொத்துச் சட்டம். லூசியானாவில் அடிமைகள் நிலத்தைப் போல அசையாச் சொத்தாகக் கருதப்பட்டனர். விற்பதற்கும் வாங்குவதற்கும் நோட்டரி முன்பு பத்திரம் எழுதினர். நிலப் பத்திரத்தில் எல்லை குறிப்பது போல, மனிதரின் பெயர், வயது, தொழில், சில வேளைகளில் அவருடைய ஆப்பிரிக்க இனப்பெயர் கூட எழுதப்பட்டன. வரலாற்று அறிஞர் குவென்டோலின் மிட்லோ ஹால் பல ஆண்டுகள் உழைத்து, இத்தகைய ஆவணங்களிலிருந்து சுமார் 1,00,000 அடிமைகளின் விவரங்களைத் திரட்டித் தரவுத்தளமாக வெளியிட்டார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் லூசியானாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகாம்பியப் பகுதியினர் என்பதை அவர் காட்டினார்.

மூன்றாவதாக, லூசியானாவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் கணிசமாக இருந்தனர். 1860 கணக்கெடுப்பின்படி அவர்கள் 18,647 பேர். அலபாமாவில் 2,690 பேர் மட்டுமே. விடுதலை பெற்றவர் சொத்து வாங்கலாம், வழக்குத் தொடுக்கலாம், உயில் எழுதலாம். ஒவ்வொன்றும் ஓர் ஆவணம்.

ரோசலியின் பெண்கள்

2025-இல் வெளிவந்த தன்வரலாற்றில் டீனா நோல்ஸ் தம் குடிவழியைத் தாய்மார் வழியாகச் சொல்கிறார். ரோசலியின் மகள் செலஸ்டீன். அவர் மகள் ஓடிலியா. அவர் மகள் ஆக்னஸ். அவர் மகள் டீனா. டீனாவின் முழுப்பெயரும் செலஸ்டீன்தான். ரோசலியும் மூத்த செலஸ்டீனும் அடிமைகளாக வாழ்ந்தவர்கள். ஓடிலியாவின் குடும்பப்பெயர் ப்ரூசார்ட். ஆக்னஸ் தையற்கலைஞர்; அவருடைய குடும்பப்பெயரான டெரியோனைத்தான் பியான்சேயும் டீனாவும் தங்கள் ஆடை நிறுவனத்துக்குச் சூட்டினர்.

ப்ரூசார்ட் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு நாம் 1702 வரை போகலாம். ஜோசப் பிறந்த ஆண்டு அது. ரோசலியின் தாய், பாட்டி என்று மேலே போக முயன்றால் பெயர்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. ஆக, ஆவணம் நிறைந்த லூசியானாவிலும் எல்லாருக்கும் ஒரே நீதி கிடைக்கவில்லை. வெள்ளை ஆணின் வழி நீள்கிறது. கறுப்பினப் பெண்ணின் வழி குறுகுகிறது.

2018-இல் ஓர் இதழுக்கு அளித்த கட்டுரையில், தம் குடிவழியை ஆராய்ந்தபோது, அடிமைப் பெண்ணைக் காதலித்து மணந்த ஓர் அடிமை உரிமையாளரின் வழியில் தாம் வந்திருப்பதை அறிந்ததாகப் பியான்சே குறிப்பிட்டார். அதை மனத்தில் வாங்கிக்கொள்ளத் தமக்குக் காலம் பிடித்தது என்றும் சொன்னார். இந்தச் செய்தியை வரலாற்று மாணவர்கள் சட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1724 சட்டம் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான திருமணத்தைத் தடை செய்தது. அமெரிக்க ஆட்சியிலும் அத்தடை தொடர்ந்தது. 1870 முதல் 1894 வரை மட்டும் இடைவெளி கிடைத்தது. 1967-இல்தான் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இத்தகைய தடைகளை நீக்கியது. எனவே அடிமைக் காலத்தில் 'மணம்' என்று குடும்பங்கள் சொல்வது பெரும்பாலும் சட்டம் ஏற்காத உறவு. மறுக்கும் உரிமை இல்லாத ஒருவரின் சம்மதத்தை எப்படி அளப்பது என்ற கேள்வியும் உண்டு. சில உறவுகளில் அன்பு இருந்திருக்கலாம். ஞானஸ்நானப் பதிவேடு அதைச் சொல்லாது.

மரபணு ஆய்வு இதற்கு ஒரு பொதுச் சான்றைத் தருகிறது. 2015-இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மரபில் சராசரியாக 24 விழுக்காடு ஐரோப்பியப் பங்கு உள்ளது. அவர்களின் முன்னோர்களில் ஐரோப்பிய ஆண்கள் ஏறத்தாழ 19 விழுக்காடு. ஐரோப்பியப் பெண்கள் 5 விழுக்காடு மட்டுமே. அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

அலபாமா: 1870 என்னும் சுவர்

தந்தைவழிக்கு வருவோம். அலபாமா பருத்தி நாடு. 1860-இல் அங்கு 4,35,080 அடிமைகள் இருந்தனர். 1790-க்கும் 1860-க்கும் இடையில் சுமார் 10 லட்சம் அடிமைகள் வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களிலிருந்து தென்பகுதிப் பருத்தி, கரும்புத் தோட்டங்களுக்கு நகர்த்தப்பட்டனர். அந்த விற்பனைகளில் தாயும் பிள்ளையும் பிரிந்தனர்.

1850, 1860 ஆண்டுகளில் அமெரிக்க அரசு அடிமைகளைத் தனிப் பட்டியலில் கணக்கெடுத்தது. அதில் பெயருள்ளவர் எசமானர். அவருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று வரிசையாக இருக்கும். '30, பெண், கறுப்பு' என்பது ஒரு முழு மனிதரின் பதிவு. பெரும்பாலும் பெயர் இல்லை. 1865-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு நடந்த 1870 கணக்கெடுப்பில்தான் இம்மக்களில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு எழுதப்பட்டனர். குடிவழி ஆய்வாளர்கள் அந்த ஆண்டைச் 'சுவர்' என்கிறார்கள்.

குடும்பப்பெயரையும் நம்பிவிட முடியாது. விடுதலை பெற்றவர்களில் சிலர் கடைசி எசமானரின் பெயரை வைத்துக்கொண்டனர்; சிலர் பழைய எசமானரின் பெயரை; சிலர் தாமே தேர்ந்த பெயரை. நோல்ஸ் போன்ற ஆங்கிலப் பெயர் ஒன்றை மட்டும் கொண்டு அந்தப் பெயருள்ள வெள்ளையரோடு ஒரு குடும்பத்தை இணைத்துவிடக் கூடாது.

சுவரைக் கடக்கும் வழிகள்

இச்சுவரில் சில ஓட்டைகள் உண்டு. 1865-இல் தொடங்கிய விடுதலை பெற்றோர் நலச் செயலகம் கூலி ஒப்பந்தங்களையும் திருமணங்களையும் பதிவு செய்தது. அதே ஆண்டு தொடங்கி 1874-இல் மூடப்பட்ட விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கி, கணக்குத் தொடங்க வந்தவரிடம் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், பழைய எசமானர் முதலியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டது. அலபாமாவில் ஹண்ட்ஸ்வில், மொபில் நகரங்களில் அதற்குக் கிளைகள் இருந்தன. வங்கி வீழ்ந்தபோது ஏழைகளின் சேமிப்பு போயிற்று, பதிவேடுகள் மிஞ்சின. இன்று அவற்றை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம்.

நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ஒரு கிறித்தவ இதழ் 1879 முதல் 'காணாமற்போன நண்பர்கள்' என்ற பகுதியை வெளியிட்டது. 50 சென்ட் கட்டி, விற்கப்பட்ட தாயையோ தம்பியையோ தேடி விளம்பரம் கொடுக்கலாம். அதைச் சபையில் உரக்கப் படிக்கும்படி போதகர்களை இதழ் கேட்டுக்கொண்டது. எழுத்தறியாத மக்களுக்கும் செய்தி சேர வேண்டுமல்லவா? குடிவழித் தேடல் இன்றைய பொழுதுபோக்கன்று. விடுதலை பெற்றவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று அது.

ஓர் எழுத்தரின் கையில் ஒரு பெயர்

பியான்சே என்பது தொடக்கத்தில் குடும்பப்பெயர். டீனாவின் தந்தை பெயர் லூமிஸ் பெயின்சே. டீனாவையும் சேர்த்து உடன்பிறந்தவர்கள் மொத்தம் 7 பேர். ஆனால் பிறப்புச் சான்றிதழ்களில் அவர்களின் குடும்பப்பெயர் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கிறது. திருத்தித் தரும்படி ஏன் கேட்கவில்லை என்று டீனா தம் தாயிடம் வினவினார். ஒருமுறை கேட்டதாகவும், சான்றிதழ் கிடைப்பதே பெரிது என்று பதில் வந்ததாகவும் தாய் சொன்னாராம். கறுப்பின மக்களுக்குச் சான்றிதழே மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை டீனா ஒரு பேட்டியில் விளக்கியிருக்கிறார்.

1860 பட்டியலில் பெயர் விடுபட்டதும், 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெயர் பிழையானதும் ஒரே மனப்போக்கின் இரு நிலைகள். குடும்பத்தில் அப்பெயரைத் தொடர ஆண் வாரிசுகள் குறைவு என்பதால், டீனா 1981-இல் அதைத் தம் முதல் மகளுக்கு இட்டார். எழுத்தர் ஒருவர் தம் விருப்பப்படி எழுதிய அந்த எழுத்துக்கூட்டலிலேயே இன்று உலகம் அப்பெயரை எழுதுகிறது.