காஞ்சனா (திரைப்படம்)

காஞ்சனா என்பது ராகவா லாரன்ஸ் எழுதி, இயக்கி, தயாரித்து, நாயகனாகவும் நடித்த தமிழ்ப் பேய்ப்படம். 2011 ஜூலை 22 அன்று வெளியான இது, 'முனி' (2007) வரிசையில் இரண்டாவது படம். இசை தமன். பாலின அடையாளத்துக்காகப் பெற்றோரால் துரத்தப்பட்ட திருநங்கை காஞ்சனா (சரத்குமார்), தன்னைப்போல் ஒதுக்கப்பட்ட கீதாவை வளர்த்து மருத்துவராக்குகிறாள். மருத்துவமனைக்கென வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்படும் அவளது ஆவி, நாயகனின் உடலில் புகுந்து பழிதீர்க்கிறது.

அச்சமூட்டும் பெண்ணுருவாகச் சங்கப் பாடல்கள் சுட்டும் கொல்லிமலைப் பாவை தெய்வப் படைப்பு. அவள் ஊட்டும் அச்சத்துக்கு மனிதர் பொறுப்பல்ல. காஞ்சனா ஊட்டும் அச்சமோ மனிதர் செய்த கொடுமையில் பிறக்கிறது. சக மாணவர்களால் அவமதிக்கப்படும் பதின்வயதுப் பெண்ணைப் பற்றிய பிரையன் டி பால்மாவின் 'கேரி' (1976) படத்தோடு இது நெருங்குவது இங்கேதான். பேயோட்டி விலக்கப்பட்ட ஆவியை, அதன் கதையைக் கேட்டபின் நாயகன் தானே விரும்பி ஏற்பது இதற்கு வலுவான சான்று: விரட்டுதலே குற்றம் என்பதைப் படம் ஒப்புக்கொள்கிறது. முற்பாதி நாயகனின் பெண்மைச் சாயலை வைத்தே சிரிப்பு மூட்டுகிறது, திருநங்கை வேடத்தைத் திருநங்கை அல்லாதவர் ஏற்றார் என்னும் மறுப்புகள் நியாயமானவை. ஆயினும் முன்கதைக்குப் பின் அதே உடல்மொழி சீற்றமாகவும் மதிப்புக்குரியதாகவும் மாறுகிறது. முந்தைய சிரிப்பை அது முழுதும் அழிப்பதில்லை, சிரித்தவரைக் கூச வைக்கிறது.

தமிழகத்தில் திருநங்கையர் நல வாரியம் படத்துக்கு முன், 2008இலேயே அமைந்திருந்தது. மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றதோ படத்துக்குப் பின், 2014 ஏப்ரலில். லாரன்ஸே இயக்கிய இந்தி மறுஆக்கம் 'லக்ஷ்மி', அக்‌ஷய் குமார் நடிப்பில் 2020இல் வெளியானது.