தோலும் மைதாப் பசையும்

ஆம்பூர், வாணியம்பாடின்னா எல்லாருக்கும் ஷூதான் ஞாபகம் வரும். ஆனா தோலுக்கும் புத்தகத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கு. ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தின இந்தியத் தோல் 19-ஆம் நூற்றாண்டில் லண்டனுக்குக் கப்பலேறி, புத்தக அட்டையாகவும் ஆச்சு. கொஞ்ச வருஷத்துல பொடிப்பொடியா உதிர்ந்தது. அந்த மாதிரித் தோல் புத்தகத்துக்கு ஆகாதுன்னு சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் குழு 1901-ல அறிக்கையே கொடுத்துடுச்சு!

தோல் ஊர்லயே இருந்தாலும் எங்க வீட்டு பைண்டிங் வேற. 1950-லிருந்து 1954 வரை 'கல்கி'யில் பொன்னியின் செல்வன் மணியம் ஓவியங்களோட தொடரா வந்தது. அதை வாராவாரம் கிழிச்சு அடுக்கித் தைக்கிறது தமிழ்நாட்டுல பல வீடுகள்ல வழக்கம். தாத்தாவும் தைச்சார். மைதாப் பசை, பூச்சி வராம இருக்க அதுல துளி மயில்துத்தம், முதுகுக்குப் பழைய வேட்டித்துணி. அவ்வளவுதான். இன்னும் பிரியலை.

கதைப் பக்கத்துக்குப் பின்னாடி சில இடத்துல பாதி ஜோக் மட்டும் இருக்கும். மீதி கிழிச்ச பக்கத்தோட போயிடுச்சு. அதை ஆளுக்கொரு விதமா முடிக்கிறதுதான் எங்க வீட்டு விளையாட்டு. பாட்டி முடிச்சதுதான் எப்பவும் பெஸ்ட் :-)

1999-ல கல்கி எழுத்துகள் நாட்டுடைமை ஆச்சு. இப்ப எந்தக் கடையிலும் புதுப் பிரதி கிடைக்குது. அதனாலேயே பழைய கட்டுகள் எடைக்குப் போகுது. எங்க வீட்டுலயும் பேச்சு வந்தது, அம்மா விடலை.

கதை எப்படியும் பிழைச்சுக்கும். அந்தப் பாதி ஜோக் எந்தப் பதிப்புலயும் வராதுங்க.